பல்செட் டப்பாவில் ஜூனியர்

பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் இருபத்திரண்டு வருஷமாக டோக்கன் கொடுத்து வருபவருக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. காத்திருக்கும் கூட்டத்திடம் நாளொன்றுக்கு நாற்பது பொய்யாவது சொல்வார். டாக்டர் மாடி வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போதே "இதோ, இறங்கிட்டார்" என்பார். ஆனால் டாக்டரிடம் மட்டும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அந்தப் பெருமைக்கு உலை வைத்தது ஒரு இறால்.

முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் நான்கு மீன்கள், ஒரே ஒரு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீளமாக வெள்ளை மீசை. மீன்களின் வாய்க்குள் புகுந்து அழுக்கைக் கொத்தி எடுப்பதுதான் அதன் பிழைப்பு. அதனால் டாக்டர் அதற்கு ஜூனியர் என்று பெயர் வைத்திருந்தார். மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் வெளியூர் கிளம்பியபோது சாவியை அக்காவிடம் கொடுத்தார்.

"பேஷண்டுங்க பத்து நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடுவாங்க. ஜூனியரை மட்டும் பார்த்துக்கோங்கம்மா."

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால், ஜூனியர் மணலில் மல்லாந்து கிடந்தது. மீசை, கால், வால் எல்லாம் அப்படியே இருந்தன. அக்கா தொட்டியைத் தட்டிப் பார்த்தார்; அது அசையவில்லை. பஞ்சு எடுக்கும் இடுக்கியால் அதை வெளியே எடுத்தார். கொஞ்சம்கூடக் கனமில்லை. தீனியைக் குறைத்துப் போட்டு, இளைக்க வைத்துக் கொன்றுவிட்டோம் என்றே முடிவு கட்டினார். ஒரு பல்செட் டப்பாவில் பஞ்சு பரப்பி அதைக் கிடத்தியபோது போன் அடித்தது.

"பேரன் பிறந்திருக்கான்மா. ஜூனியர் எப்படி இருக்கான்?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

"நல்லா இருக்கான் சார்."

போனை வைத்ததும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டு ரிப்பேர்க்காரரான அவருடைய கணவர்தான் வழி சொன்னார். "அதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுடு. மூஞ்சியைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க அது என்ன உன் தம்பியா?"

மறுநாள் புது இறால் வந்தது. கடைக்காரர் சொன்னபடி மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்கி, உள்ளே இறக்கினார். அதற்கு அடுத்த நாள், பாறை இடுக்கிலிருந்து இன்னொரு வெள்ளை மீசை எட்டிப் பார்த்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இரண்டுதான். உடனே கடைக்குப் போன் போட்டார்.

"அது சாகலைக்கா, சட்டை கழட்டியிருக்கு," என்றார் கடைக்காரர். "வளர வளரப் பழைய ஓடு பத்தாது. கழட்டிப் போட்டுட்டு, புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் ஒளிஞ்சுக்கும்."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே. இறால் வேணும்னீங்க, கொடுத்தேன்."

"சரி, ஒண்ணைத் திருப்பி எடுத்துக்கோப்பா."

"எடுத்துக்கறேன். எது என்னோடதுனு காட்டுங்க."

அதுதான் தெரியவில்லை. மாற்றிக் கொடுத்துவிட்டால் ஜூனியர் கடைக்குப் போய்விடும், எவனோ அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்வான். இரண்டும் அங்கேயே இருந்தன.

"நீ சொன்னது நிஜமாயிடுச்சே, இன்னும் என்ன?" என்றார் கணவர்.

"சொல்லும்போது பொய்தானே," என்றார் அக்கா. இது தெரிந்தால் இனி டாக்டர் தன் பேச்சை நம்பவே மாட்டார் என்பதுதான் அவருடைய பயம். அந்த நம்பிக்கை போனபிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தென்ன, எழுந்தென்ன என்று தோன்றியது.

பத்தாம் நாள் டாக்டர் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்குள் எண்ணினார்.

"என்னம்மா, இவனுக்கும் பேரன் பிறந்துட்டானா?"

சிரித்துக்கொண்டே தலையாட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அக்காவின் தலை ஆடவில்லை. மேஜை டிராயரிலிருந்து பல்செட் டப்பாவை எடுத்து வைத்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தார்.

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தார். அவர் காது சிவந்துபோயிற்று.

"கதவைக் கொஞ்சம் சாத்துங்கம்மா. மாசத்துக்கு ஒரு தடவை இவன் சட்டை கழட்டுவான். நீங்க வர்றதுக்குள்ள இறங்கி வந்து நானே எடுத்துப் போட்டுடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா முதல் தடவை இந்த ஓட்டைப் பார்த்து நான் ஏமாந்ததையும் சொல்லணுமே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ஆஸ்பத்திரியை மூடினோமே, ஞாபகம் இருக்கா?"

"உங்க பெரியப்பா தவறினாரே, அன்னிக்குத்தானே? நான்தான் வாசல்ல போர்டு மாட்டினேன்."

டாக்டர் டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பெரியப்பாவே கிடையாதும்மா."

அக்கா டப்பாவையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா சார்?"

"தெரியும்மா. அதைப் பார்த்த பிறகு எந்த வாயால உண்மையைச் சொல்றது?"