தீயில்லாமல் சிவந்த இரும்பு

யுத்த காலத்தில் வடக்கே ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே செம்புக் கம்பிச் சுருளுக்குள் வண்டிச் சக்கரத்துக்கான இரும்பு அச்சை நிறுத்தி மின்சாரத்தைத் திறப்பார்கள். நெருப்பே இல்லாமல் அச்சு சிவக்கும். உடனே தண்ணீரைப் பீச்சிக் கெட்டிப்படுத்துவார்கள். சாரல் நேரத்தில் லீவு போட்டுத் தென்காசிக்கு வந்தபோது, வெட்டிச் சோதித்துக் கழித்த அச்சுத் துண்டு ஒன்றைப் பீற்றிக்கொள்வதற்கென்றே கொண்டுவந்தேன்.

எங்கள் தெருப் பட்டறையில் கொல்லர் நம்பாமல் சிரித்தார். துருத்தி ஊதிக்கொண்டிருந்த அவர் மனைவி எழுந்து வந்து, துண்டை வாங்கி அரத்தால் ராவிப் பார்த்தார். விளிம்பில் அரம் வழுக்கியது; வெட்டிய முகத்தின் நடுவில் கடித்தது.

"தோலு மட்டுந்தான் கெட்டி. உள்ள இளக்கமா விட்டிருக்காவ, அடி தாங்கணும்லா. எம்புட்டு நேரம் சூடு காட்டுதாவ, தம்பி?"

"நாலு எண்ணுததுக்குள்ள முடிஞ்சிரும், மதினி."

"அதான! அதுக்கு மேல நின்னா சூடு உள்ள இறங்கிரும்."

இது என் மண்டையில் ஏற இரண்டு மாதம் பிடித்தது. அதுவும் தொழிற்சாலையின் வெள்ளைக்காரத் துரை படம் போட்டு விளக்கிய பிறகு. மதினி அடுத்த கேள்வியைப் போட்டார்.

"துருத்தி ஊத ஆளு வேண்டாமோ?"

"வேண்டாம்."

வலது தோளைப் பிடித்துவிட்டபடி அவர் கொல்லரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளா? இத ஒரு பொம்பளதான் கண்டுபிடிச்சிருப்பா."