சீப்பிலும் ஒன்று, பூட்டிலும் ஒன்று

எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச வராது. பேசிக்கொண்டே செருப்பை மாட்டுகிற ஜாதி நான். "கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டே பொறந்தவன்" என்று அக்கா சொல்லுவாள். அந்த அவசரத்தால் நான் கெட்டது பல தடவை. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. அக்கா கெட்டது ஒரே ஒரு தடவை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

இப்போது ஒரு வார்டுக்கு ஒரு உறுப்பினர். அப்போது எங்கள் ஊராட்சியில் ஒரே வார்டுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஊர் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கிறது. தார் ரோட்டுக்கு மேற்கே ஒரு தெரு, கிழக்கே எங்கள் தெரு, இரண்டும் சேர்ந்து ஒரு வார்டு. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு மிஷின் வந்துவிட்டாலும் எங்களுக்கு இன்னும் சீட்டும் ரப்பர் முத்திரையும்தான். முத்திரை வைப்பதைக் குத்துவது என்போம். உறுப்பினர் இரண்டு பேர் என்பதால், ஆளுக்கு ஒரு சீட்டில் இரண்டு குத்து.

பொதுத்தேர்தல் வந்தபோது இரண்டு தெருப் பெரியவர்களும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பேச்சு பேசி முடித்தார்கள். மேற்கே ஒருவர், கிழக்கே ஒருவர். நாங்கள் ஒரு குத்தை எங்கள் ஆளுக்கும் இன்னொன்றை அவர்கள் ஆளுக்கும் போட வேண்டியது, அவர்களும் அப்படியே. சண்டை சச்சரவில்லாமல் இரண்டு பேரும் ஜெயித்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் தெரு கிழம் கட்டைகள் மசியவில்லை. "நம்மாளுக்கு ஒண்ணு குத்துவோம். அவங்களுக்கு எதுக்கு? நம்மள அவங்க கொழாயில கொடம் வைக்க வுடுறாங்களா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான்.

தெருவில் டிகிரி முடித்தவன் நான் ஒருத்தன். "நீ எடுத்துச் சொல்லுடா" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒப்பந்தம், நம்பிக்கை, பரஸ்பரம் என்று உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை ஏது? ஒரே வரியில் முடித்தேன். "ரெண்டு குத்தலைன்னா உங்க ஓட்டே செல்லாது."

சுத்தப் பொய். ஒன்று குத்தினாலும் செல்லும். ஆனால் அந்த ஒரு வரி எப்படி வேலை செய்தது தெரியுமா? அதுவரை முரண்டு பிடித்தவர்கள் பயபக்தியோடு வந்து உட்கார்ந்தார்கள். பழைய காலண்டர் தாளில் கட்டம் போட்டு, பேனா மூடியைக் குங்குமத் தண்ணீரில் தொட்டு, வீடு வீடாகப் பழக்கினேன். கோட்டில் படக்கூடாது, நடுக் கட்டத்தில் குத்த வேண்டும், மை காய்ந்த பிறகு மடிக்க வேண்டும். கூடவே இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "பூத்துல எவனாவது ஒண்ணு மட்டும் குத்துன்னு சொன்னா நம்பாதீங்க. அவன் உங்க ஓட்டக் கெடுக்கப் பாக்குறான்னு அர்த்தம்." இரண்டு தெரு ஆட்களும் ஜெயித்தார்கள். எனக்கு மாலை போடாத குறைதான்.

எங்கள் தெருவில் ஜெயித்த அம்மாள் கெட்டிக்காரி. மேற்குத் தெருவோடு நின்றுபோன தண்ணீர்க் குழாயை ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்கு இழுப்பதற்குத் தீர்மானம் போட வைத்தார். வேலை தொடங்குவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஒரு இடத்துக்கு இடைத்தேர்தல் அறிவித்தார்கள்.

அக்கா நிற்கிறேன் என்றாள். அவள் முந்திரி உடைக்கிறவள். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். மேற்குத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகு, குழாயில் மிச்சம் சொட்டினால் எங்களுக்கு. அதற்காகக் குடத்தை வைத்துக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் காத்துக் கிடக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. "நான் உள்ள போயி ஒக்காந்தா அந்தத் தீர்மானத்த எடுத்து டேபிள்ல வைப்பேன். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்" என்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் குழாய் ரோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பேச்சுப்படி இது எங்கள் தெரு இடம். மேற்கே யாரும் நிற்கக்கூடாது. ஆனால் சுண்ணாம்புக்கல் லாரி வைத்திருந்த ஒருவர் தன் சம்சாரத்தை நிறுத்தினார். கேட்டதற்கு, "அந்தப் பேச்சு பொதுத்தேர்தலுக்குத்தான?" என்றார். ஆக இரண்டே பேர் போட்டி. அக்காவுக்குச் சீப்பு, லாரிக்காரர் சம்சாரத்துக்குப் பூட்டு சாவி.

நான் பெரம்பலூரில் டூவீலர் ஷோரூமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தேன். கால் தரையில் பாவவில்லை. மனுத்தாக்கலுக்கு ஓடினேன், ஜெயங்கொண்டத்தில் நோட்டீஸ் அடிக்க ஓடினேன், சீப்புப் படம் மீன் முள் மாதிரி இருக்கிறது என்று பிரஸ்காரனோடு சண்டை போட்டுத் திரும்ப அடிக்க வைத்தேன். கட்டியிருந்த மைக் கரகரத்தது என்று ஆட்டோக்காரனோடு ஒரு சண்டை. மேற்குத் தெருவில் அக்காவோடு முந்திரி உடைக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேர், "வூட்டுக்குத் தெரியாம ஒனக்குத்தான்க்கா" என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தெரு மொத்தமாக விழுந்தால் ஜெயிப்பு நிச்சயம். நான் போட்ட கணக்கில் தப்பே இல்லை.

இந்தத் தடவை ஒரு இடம்தான், ஒரு குத்துதான், இரண்டு குத்தினால் செல்லாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். மைக்கில் சொன்னேன். ஆட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "ஒரே ஒரு முத்திரை, சீப்புக்கு மட்டுமே" என்று ராகம் போட்டும் சொன்னேன்.

ஒரு பெரியப்பா ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். சொந்தப் பெரியப்பா இல்லை, தெருவுக்கே பெரியப்பா. "ஏம்ப்பா, ஒண்ணு குத்துனா செல்லாதுன்னியே அன்னைக்கு?"

அந்த இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். "அன்னைக்குச் சொன்னது பொய் பெரியப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். தெருவே சுற்றி நிற்கிறது, படித்த பையன் பொய் சொன்னான் என்று ஆகிவிடும். "அது அப்ப, இது இப்ப பெரியப்பா. ஒண்ணுதான்" என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். டிரைவர் ஆரன் அடித்தான். போய்விட்டோம்.

"எல்லாருக்கும் வெளங்குச்சாடா?" என்று அக்கா கேட்டாள்.

"வெளங்கிருச்சு" என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஓட்டுப் போடுகிற அன்று பள்ளிக்கூட வாசலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் தெரு முழுக்க வந்தது. குச்சி ஊன்றிக்கொண்டு வந்தார்கள், பேரன் முதுகில் வந்தார்கள், கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டியவர்கூட வந்தார். வெளியே வந்த ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். ஏதோ சாதித்த சிரிப்பு. ஒரு அத்தை கிட்டே வந்து, "உள்ள ஒரு சார் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணுதான் ஒண்ணுதான்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. லாரிக்காரரு ஆளு போல. நாங்களா ஏமாறுவோம்?" என்றாள்.

அப்போதாவது பிடித்து நிறுத்தி, வரிசையில் நின்றவர்களிடம் சொல்லியிருக்கலாம். வாசலில் பிரச்சாரம் கூடாது என்று போலீஸ்காரர் ஏற்கெனவே என்னை ஒரு முறை விரட்டியிருந்தார். இருந்தாலும் சொல்லியிருக்கலாம். அத்தை ஒருத்தி பேச்சுத்தானே என்று மனசை அமுக்கிக்கொண்டேன்.

எண்ணிக்கை யூனியன் ஆபீஸில். அக்கா சார்பாக நான் உள்ளே போனேன். சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, சீப்பு ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம் அடுக்கினார்கள். மூன்றாவதாக ஒரு தட்டு. முதல் சீட்டு அதில் விழுந்தபோது பார்த்தேன். சீப்பில் ஒன்று, பூட்டில் ஒன்று. போட்டியிடுவதே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஓட்டு. அலுவலர் சிரித்துவிட்டார். "என்னங்க இது, ரெண்டு பேரையும் மனசு நோகாம அனுப்பிருக்காங்க?"

அப்புறம் இன்னொன்று. இன்னொன்று. எல்லாம் கோட்டில் படாமல் நட்ட நடுவில் குத்தியிருந்தது. மை காய்ந்த பிறகு மடித்திருந்தது. ஒரு சீட்டில்கூட மை ஈஷவில்லை. அந்த மாதிரி குத்தப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியாதா? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கெடவில்லை, தவளையின் அக்கா கெட்டாள்.

ஒன்பது ஓட்டில் தோற்றோம். செல்லாதது முப்பத்தொன்று.

வெளியே புளியமரத்தடியில் அக்கா நின்றிருந்தாள். "ஒம்போது ஓட்டுல போயிடுச்சு" என்றேன். செல்லாத ஓட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் பெட்டி, பூத்து, எதையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நம்ம தெருவு எனக்குப் போடலையாடா?"

நான் பைக்கை எடுத்தேன். ஊர் வரும்வரை அவள் பின்னால் அழுதுகொண்டே வந்தாள். வேகமாக ஓட்டினேன்.

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கப் போய், காத்துக் கிடந்து, ஒரு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைக் கழுவினாள். "நட, எல்லா வூட்டுக்கும் போயி ஒரு நன்றி சொல்லிட்டு வருவோம்" என்றாள்.

"தோத்ததுக்கா? யாரும் அப்படிப் போறதில்லக்கா. எனக்கு ஷோரூம்ல வேலை கெடக்கு."

"போட்டவங்க நாலு பேரு இருப்பாங்கல்ல? வா."

முதல் வீடு பெரியப்பா வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னம்மா இப்படி ஆயிப்போச்சு? நாங்க அத்தன பேரும் ஒனக்குப் போட்டமே! தம்பி அன்னைக்குச் சொல்லிக் குடுத்தாப்லயே ரெண்டும் குத்துனோம். ஒண்ணு குத்துனா செல்லாதுல்ல? அந்தப் பொம்பளைக்குப் போட மனசே இல்ல. ஒன் ஓட்டுக் கெட்டுடக்கூடாதேன்னுதான் அதுலயும் ஒண்ணு வச்சோம்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பெரியப்பாவின் கட்டில் காலைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆட்டோ, மைக், நான் சொன்ன "வெளங்கிருச்சு", நேற்று நான் விழுங்கிய முப்பத்தொன்று, எல்லாம்.

அவள் முகத்தைப் பார்த்துப் பெரியப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, செல்லும்ல?"

"செல்லும் பெரியப்பா. ஒங்க ஓட்டு செல்லுச்சு. அவங்க தெருவுல ஆளு சாஸ்தி, அதான்" என்றாள் அக்கா. குரல் பிசகவில்லை. அவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

வெளியே வந்து வேலி ஓரம் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் அடித்திருக்கிறாள். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நம்ம தெருவு எனக்குத்தான் போட்டிருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் நேற்று பைக்கில் அழுத அழுகை இல்லை இது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "இது யாருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா செத்துடுவாங்க. நாமளே கொழாயக் கெடுத்துட்டமேன்னு கெடந்து மருகுவாங்க."

"அக்கா, நான்..."

"அடுத்த வூட்டுல நீ பேசு."

அடுத்தது அந்த அத்தை வீடு. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள், பாதியில் வாளியை வைத்துவிட்டு வந்தாள். வாளியில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது. அதே அங்கலாய்ப்பு, அதே பெருமை. அந்த சாரை ஏமாற்றியதை இன்னொரு தடவை சொன்னாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, என் ஓட்டு செல்லுச்சுல்ல?" என்று கேட்டாள்.

அக்காவைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பொய்யை ஓடுகிற ஓட்டத்தில் விளையாட்டாகச் சொன்னவன் நான். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"செல்லுச்சு அத்தை" என்றேன்.

"அது போதும்" என்று அவள் வாளியை எடுத்தாள். அக்கா அடுத்த வாசலுக்கு நடந்தாள். தெருவில் இன்னும் இருபத்தேழு வீடுகள் இருந்தன.