கவுன்டருக்குப் பின்னால் டிம்னா

அட்ராக்டா டர்கன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கல்யாணம் வேண்டாம் என்றாள், கடைசிவரை அப்படியே இருந்தாள். கன்னியர் மடத்துப் பள்ளியின் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தே ஆயுசைக் கழித்தவள், ஓய்வு பெற்ற குளிர்காலத்தில் அடுப்படி மேசையைக் காலி செய்து அதன்மேல் பொம்மை வீடுபோல் ஒரு பப், அதாவது மதுக்கடை, கட்ட ஆரம்பித்தாள்.

தங்கள் குடும்பத்துப் பப்தான். கில்பிராக் ஊரின் நடுத்தெருவில் அது இன்னும் இருக்கிறது, தம்பி மாலக்கி நடத்துகிறான். ஆனால் அவன் உள்ளே இருந்ததையெல்லாம் இடித்துப் பளபளவென்று மாற்றிவிட்டான். அட்ராக்டா கட்டியது அம்மா டிம்னா காலத்துப் பப்பை. ஒரு பக்கம் தேயிலையும் சர்க்கரையும் விற்ற மளிகை, மறு பக்கம் பீர். சுருட்டுப் பெட்டிப் பலகை கவுன்டர் ஆயிற்று. தையல்காரர்கள் விரலில் மாட்டும் உறைகள் பீப்பாய்கள் ஆயின. பாட்டில் மூடிகள் முக்காலிகள். ஆட்களெல்லாம் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகள்தான், ஆனால் அம்மா பொம்மைக்கு மட்டும் அம்மாவே கட்டியிருந்த நீல ஏப்ரனில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினாள். கத்தரியை இரண்டு முறை கீழே வைத்தாள், மூன்றாம் முறை வெட்டிவிட்டாள்.

பப்புக்கு அது நூறாவது ஆண்டு. விழாவன்று இதை முன் ஜன்னலில் வைக்கலாமா என்று மாலக்கியேதான் கேட்டிருந்தான். ஆனால் பார்க்க வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அப்பா எங்கே?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? கணப்புப் பக்கத்துல உக்காந்திருக்காரு பாரு. நாய் மேல காலை நீட்டிக்கிட்டு."

"கவுன்டருக்குப் பின்னால அம்மா நிக்கிறா!"

"வேற எங்கடா நிப்பா? நின்னவ அவதானே."

"வாசல் போர்டுலயும் அம்மா பேரு போட்டிருக்கே. ஃபின்டன் டர்கன்னுதானே இருந்துச்சு? ஊருக்கே தெரியும்."

"புருஷன் பேரைத்தான் எழுதுவாங்க. பீப்பாயை உருட்டினது பேரா? நீ பொறந்த அன்னிக்குக் காலையில கூட அவதான் கிளாஸ் கழுவிட்டிருந்தா. வலி வந்ததும் கையைத் துடைச்சுட்டு மாடிக்குப் போனா. அப்பா குதிரைப் பந்தயத்துல இருந்தாரு."

ஃபின்டன் கெட்டவர் என்று அட்ராக்டா ஒருநாளும் சொன்னதில்லை. நன்றாகப் பாடுவார், எல்லோருக்கும் பிரியமானவர். அவர் இருந்தால் கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி. விழாவுக்கு ஊரே வரும். அன்றைக்கு ஜன்னலில் கவுன்டருக்குப் பின்னால் யார் நிற்கிறாரோ, அவர்தான் பப்பை நடத்தியவர் என்று பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்றுவிடும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பாவைக் கவுன்டருக்குப் பின்னால வை, போர்டையும் மாத்து. இல்லேன்னா என் ஜன்னல்ல இடம் கிடையாது" என்றான் மாலக்கி.

"அப்ப உன் ஜன்னலை நீயே வெச்சுக்க."

மறுநாளே அவள் அந்தப் பப்பைக் குழந்தைபோல் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மாலக்கி பார்க்கவே தெருவைக் கடந்தாள். எதிரே பேக்கி நூனின் இறைச்சிக் கடை. பேக்கிக்கு எண்பதை நெருங்கும் வயது, வாய் மட்டும் இளமையாகவே இருந்தது.

"இதை என் ஜன்னல்ல வெச்சா அங்க தொங்குற சாசேஜ் எங்க போறதாம்?"

"உள்ள போகட்டும். எங்கம்மாவை விடவா அது ஒசத்தி?"

"டிம்னா கையால குடிச்சவன்ம்மா நான். சாசேஜ் என்ன, ஈரலையும் சேர்த்து உள்ள எடுக்கிறேன்."

விழா நாள் வந்தது. மாலக்கி சும்மா இருப்பானா? பழைய புகைப்படம் ஒன்றை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கித் தன் ஜன்னலில் மாட்டியிருந்தான். கவுன்டருக்குப் பின்னால் ஃபின்டன் சிரிக்கிறார், கையில் நிரம்பிய கிளாஸ். ஜனங்கள் தெரு நடுவில் நின்று இந்த ஜன்னலையும் அந்த ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"படம் பொய் சொல்லுமா? நீங்களே சொல்லுங்க" என்றான் மாலக்கி.

பேக்கி ரத்தக்கறை ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்தார். ஜன்னல் கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா மாலக்கி, அந்த கிளாஸைப் பாத்தியா நீ?"

எல்லோரும் பார்த்தார்கள். கறுப்பு பீரை அந்த ஊரில் ஒரே வீச்சில் ஊற்ற மாட்டார்கள். சாய்த்துப் பிடித்து முக்கால் கிளாஸ் ஊற்றி, கலங்கல் அடங்கிக் கன்னங்கரேலென்று ஆகும்வரை ஓரமாக வைத்துவிட்டு, பிறகுதான் மீதியை நிரப்புவார்கள். டிம்னா, யார் தொண்டை வறண்டு கத்தினாலும் அவசரப்படமாட்டாள். படத்தில் ஃபின்டன் கையிலிருந்த கிளாஸில் பாதிக்கு நுரை. அது வழிந்து சட்டைக் கையையும் நனைத்திருந்தது.

"துணி தொவைக்கிற தண்ணி மாதிரி இருக்கேப்பா! இப்படி ஒண்ணை என்கிட்ட நீட்டியிருந்தா நான் அன்னிக்கே குடியை விட்டுட்டு சாமியாராப் போயிருப்பேன்" என்றார் பேக்கி.

தெருவே சிரித்தது. அட்ராக்டா சிரிக்கவில்லை. படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"படம் பிடிக்க வந்தவன் வீட்டுக்காரரை நிக்கச் சொன்னான். அம்மா நகந்து குடுத்தா. இதோ, அவ முழங்கை. நீ பெருசாக்கினதுல இதுவும் பெருசாயிடுச்சு பாரு, மாலக்கி."

மாலக்கி வெகுநேரம் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் இறைச்சிக் கடை வாசலுக்கு வந்தான். இப்போது தொப்பி கையில் இருந்தது.

"போர்டு அப்படியே இருக்கட்டும். அம்மாவும் அங்கயே நிக்கட்டும். நம்ம ஜன்னலுக்கு எடுத்துட்டு வந்துடேன், அக்கா."

"வரமாட்டா" என்றாள் அட்ராக்டா. "ஒரு தரம் நகந்தது போதும் அவளுக்கு. நீ வேணும்னா இங்க வந்து பாத்துட்டுப் போ. கண்ணாடி மேல மூச்சு விடாதே, அம்மா முகம் மறையுது."

பேக்கியின் சாசேஜ்கள் இன்னும் உள்ளேதான் தொங்குகின்றன.