பூட்டிய வசதிக்கு மூன்று கையெழுத்து

பெட்டியை முதலில் விற்றுவிட்டு, அதற்குள் ஏற்கெனவே இருக்கிற வசதியை அப்புறம் தனியாக விற்கிற தொழிலில் நான் இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத சரக்கை யார் தலையிலாவது கட்டிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. புனேயில் பெரிய கம்பெனிகள் வெளியூர்க் கிளைகளோடு திரையில் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தன. எல்லா ஊரையும் இணைக்கிற நடுப்பெட்டிக்கு சர்வர் என்று பெயர். கூடுதல் வசதி வேண்டுமென்றால் நான் ஒரு தாளோடு போவேன். அதில் இருக்கிற நீளமான எண்ணை சர்வரில் அடித்து, ஒருமுறை அணைத்து மறுபடி போட்டால் வசதி திறந்துகொள்ளும். லைசென்ஸ் என்பது அவ்வளவுதான்.

ஆறு மாதம் ப்ரொபேஷன். அதற்குள் ‘வேலை திருப்தியாக முடிந்தது’ என்று மூன்று வாடிக்கையாளர்களிடம் கையெழுத்து வாங்கினால்தான் வேலை நிரந்தரம். நாங்கள் குடியிருந்த கோர்படி ரயில்வே காலனியில் என் அப்பா அதற்குள் ஒரு கான்வென்ட் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை பேசி வைத்துவிட்டார். “ஆறு மாசத்துல நிரந்தரம் ஆக்கலைன்னா ஸ்கூலுக்குப் போயிரணும், என்னளா?” என்றார். சரி என்று சொல்லித் தொலைத்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பொறுமை எனக்குச் சத்தியமாகக் கிடையாது. முதல் நாலு மாதம் யாரும் எதுவும் வாங்கவில்லை.

ஸ்டோர் ரூமில் ஒரு தாள்

முதல் ஆர்டர் ஒரு தொழிற்சாலை. அங்கே எந்தச் சாமான் வந்தாலும் ஸ்டோர் கீப்பர் ஷிண்டே பார்த்துப் பதிவு செய்யவேண்டும். தாளை நீட்டினேன். திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது பில். சாமான் எங்கே?” என்றார். இதுதான் சாமான் என்று அரைமணி நேரம் தொண்டை வற்றச் சொன்னேன், மனுஷர் அசையவில்லை. மறுநாள் ஒரு பழைய கீபோர்டு டப்பாவில் தெர்மோகோல் அடைத்து, நடுவில் தாளை வைத்து, டேப் ஒட்டிக் கொண்டுபோனேன். முகமெல்லாம் மலர்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டினவர் உள்ளே வைத்துப் பூட்டியும் விட்டார்.

வெளியே எடுக்க மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஸ்லிப் வேண்டுமாம். மேனேஜர் ஒரு வாரம் லீவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எண் என் டைரியிலும் இருக்கிறதே, அதைப் பார்த்து அடித்துவிட்டுப் போகட்டுமா என்று கெஞ்சினேன். ஷிண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஸ்டோர்ல பூட்டி வெச்ச சாமானை ஸ்லிப் இல்லாம யூஸ் பண்றதுக்குப் பேர் திருட்டு, மேடம்.”

எல்லோரும் தெரிகிறார்கள்

மேனேஜர் லீவு முடிந்து வந்து முதல் கையெழுத்து கிடைத்தது. இரண்டாவது, பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி. அவர்கள் மீட்டிங்கில் யார் பேசுகிறார்களோ அவர் முகம் மட்டும்தான் திரையில் வரும். நான் திறந்துவிட்ட வசதியில் திரை கட்டம் கட்டமாகப் பிரிந்து எல்லாக் கிளையும் ஒரே நேரத்தில் தெரியும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காமலே கையெழுத்துப் போட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார்.

கிளைக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தன் முறை வரும்வரை யார் கண்ணிலும் படமாட்டோம் என்ற பழைய நம்பிக்கையில், நாசிக் மேனேஜர் நிதானமாக வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோலாப்பூர் கட்டத்தில் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முதலாளி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுநாள் நாசிக் மேனேஜர் என் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார். “மேடம், போட்ட நம்பரைத் திருப்பி எடுத்துக்கறதுக்கும் ஏதாவது லைசென்ஸ் இருக்கா?”

சாமந்தி மாலை

ஆறாவது மாதத்தின் கடைசி வேலைநாள் தசராவுக்கு முந்தின நாளில் வந்து விழுந்தது. மூன்றாவது கையெழுத்துக்கு, புனே கராடியில் ஒரு அலுவலகம். மீட்டிங்கில் சாதாரணப் போனிலிருந்தும் சேர்ந்துகொள்கிற வசதி. காலையிலேயே போய் எண்ணை அடித்துவிட்டேன். சர்வரை அணைத்து மறுபடி போடுவதுதான் பாக்கி. அதற்குள் கம்ப்யூட்டர் பிரிவின் ஜோஷி பூஜைத் தட்டோடு வந்துவிட்டார். மெஷினுக்குக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, “ஓடறது ஓடட்டும். பூஜை போட்ட மெஷினை நாளைக்கு மறுநாள்தான் தொடணும்” என்றார். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண், பூஜையில் வாதாட வாய் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிக்கூட மணியைக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அலங்கார சீரியல் விளக்கை யாரோ சர்வர் இருந்த அதே பிளக் போர்டில் சொருகினார்கள். படக்கென்று ஃப்யூஸ் போய் அறையே இருண்டது. ஃப்யூஸ் போட்டதும் சர்வர் தானே உயிர்பெற்றது, மாலையோடு. மேஜை மேலிருந்த போனைத் தொடலாம்தானே என்று கேட்டேன். ஜோஷி யோசித்து, தொடலாம் என்று எடுத்து மீட்டிங் நம்பருக்கு டயல் செய்தார். அவர் குரல் மீட்டிங் திரையிலிருந்து கேட்டது. திருப்திக் கையெழுத்துக்கு வைத்திருந்த என் ரிப்போர்ட்டை வாங்கி முட்டியில் வைத்துக்கொண்டார். “நானும் தொடல, நீங்களும் தொடல. தேவியே அணைச்சுப் போட்டிருக்கா. நான் கையெழுத்துப் போட்டா தப்பில்ல.”

ஹாலில் போன்

நிரந்தரக் கடிதம் வந்த அன்று அப்பா அதைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். நான் சமையலறையில் இருந்தேன், ஹாலில் அவர் பள்ளித் தலைமை ஆசிரியைக்குப் போன் போடுவது கேட்டது. “இல்ல சிஸ்டர், எம்மவ வரமாட்டா. அவளுக்கு வேலை இருக்கு.”

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தேன், நான் விற்றது என்ன சரக்கு என்று இன்றுவரை அப்பாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை.