கொடியில் காய்ந்த பேண்டேஜ் துணி

எங்கள் அம்மாவுக்கு டப்பா மாவு என்றால் ஆகாது. சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டாள். எண்பதுகளில், ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பலரும் டப்பாவில் சிரிக்கும் குண்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தார்கள். என் தங்கைக்கு ஆறு மாதம் ஆனபோது எங்கள் வீட்டில் கேழ்வரகு முளைகட்டியது. எங்கள் பேச்சில் அது கேப்பை. அம்மா சரியான கஞ்சப்பிசினாறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

முளைவிட்ட கேப்பையை ஆட்டுக்கல்லில் அரைத்து, துணியில் பிழிந்து, பாலைத் தெளியவைப்பாள். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு அடியில் தங்கியதைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைப்பாள். காய்ந்து ஏடு ஏடாகப் பெயர்ந்து வருவதை எடுத்து வைத்துக்கொண்டு, வேளைக்குக் கொஞ்சம் கருப்பட்டித் தண்ணீரில் காய்ச்சித் தங்கைக்கு ஊட்டுவாள். தட்டுக்குக் காக்கை விரட்டுவது என் வேலை. காக்கை தின்றதைவிட நான் தின்றதுதான் அதிகம்.

பிழிவதற்குத் துணி கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் இட்லித் தட்டில் விரிப்பதும் அதுதான், மூக்குச் சிந்துவதும் அதுதான்.

"ஊரே புண்ணுக்குக் கட்டுது, புள்ளைக்குப் பால் வடிக்கக் கூடாதாக்கா?" என்று ஒரு சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். அம்மா அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் தொட்டாள்.

துணி நன்றாகத்தான் உழைத்தது. ஆனால் எம்புட்டு அலசினாலும் கறை போகவில்லை. கொடியில் போட்டால் செம்பழுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். எங்களுக்கு அது கேப்பைக் கறை. தெருவில் போகிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று காலையில் குளிப்பாட்டும்போது கண்ணில் எண்ணெய் இறங்கித் தங்கை ஊரைக் கூட்டினாள். பிறகு அம்மா துணிகளை வாசல் கொடியில் காயப்போட்டாள். வீட்டைப் பூட்டி, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கருப்பட்டி வாங்கப் போனாள். போகிற வழியில் மாமா வீட்டுக்குள் நுழைந்தோம். தம்பி வீட்டுக்குள் நுழைந்த அம்மா எப்போது வெளியே வருவாள் என்று சாமிக்கும் தெரியாது.

எதிர்வீட்டு அக்கா வீட்டில் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுகிறவர். நல்ல மனுஷி, கொஞ்சம் அவசரக்காரி. காலையில் கேட்ட அழுகையையும், கொடியில் தொங்கிய கட்டுத் துணியையும், பூட்டிய கதவையும் சேர்த்துப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரும் என் அப்பாவும் ஒரே பஞ்சு மில்லில் வேலை. மாலை ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தவரிடம் செய்தியைச் சொல்லிவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அந்த அக்கா நடுத்தெருவில் நின்றிருந்தார். அம்மாவின் இடுப்பில் இருந்த தங்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்லையா? கட்டுத் துணியெல்லாம் ரத்தமாத் தொங்குச்சே."

"அது கேப்பைக் கறைக்கா" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"புள்ளைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாகன்னு ஒங்க வீட்டுக்காரவுகளுக்குச் சொல்லி விட்டுட்டேனே."

அம்மாவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. என்னை அனுப்பி மாமாவைக் கூட்டிவரச் செய்து, அவரை மில்லுக்கு விரட்டினாள். அவர் போய் விசாரித்துவிட்டு வந்தார். அப்பா செய்தியைக் கேட்டதும் செருப்பைக்கூடப் போடாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். பெரிய வைத்தியம் என்றால் எங்களுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரிதான்.

தேடி அலைந்துவிட்டு அவரே வந்துவிடுவார், இதற்கென்ன என்று எனக்குத் தோன்றியது. அம்மாவோ வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். தங்கையைக் கீழே இறக்கவே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் இப்படி ஆனதைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா வந்தார். தலையில் மில் பஞ்சு அப்படியே இருந்தது. அம்மா தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கையின் கன்னமெல்லாம் கேப்பைக் கூழ். அப்பா கிட்டே வந்து அவள் கன்னத்தை விரலால் வழித்தார். அந்த விரலை மோந்து பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நேரே பின்பக்கம்தான் போனேன்" என்றார் அம்மாவிடம். "அங்க இல்லைன்னாக. அதுக்குப் பொறவுதான் வார்டுக்குப் போனேன்."

"முன்வாசல்லயே கேட்டிருக்கலாம்லப்பா?" என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி. அம்மா எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை உருவி அடுப்பில் திணித்தாள். நல்ல துணியை எரிக்கிறாளே, கஞ்சத்தனம் எங்கே போயிற்று என்றுதான் என் மனசில் ஓடியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வழி கேட்கத் தெரியாத அப்பாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பல வருஷம் கழித்து என் மகனுக்குக் கேப்பைப் பால் எடுக்க வந்த அம்மா, பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தாள். பேண்டேஜ் துணி இன்னும் மெல்லிசாக இருக்குமே என்றேன். கிழித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதுதான் சொன்னாள். எனக்கு முன்னால் ஒருவன் இருந்திருக்கிறான். டப்பா மாவு கரைத்துக் கொடுக்கத் தொடங்கிய வாரத்தில் அவனுக்கு வயிற்றால் போயிருக்கிறது. மாவோ, கரைத்த தண்ணீரோ, யார் கண்டது என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மில்லிலிருந்து பின்னாலேயே போன அப்பா, மகனை வார்டு வார்டாகத் தேடியிருக்கிறார், ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து பார்த்து. அவனைப் பின்பக்கத்துப் பிணவறைக்குக் கொண்டுபோய் அப்போது வெகுநேரம் ஆகியிருந்ததாம்.