‘மிஸ்’ என்று எழுதியிருந்தது

ஆயத்த ஆடை ஆலையில் காஜா மெஷின் அவளுடையது. நாளுக்கு எண்ணூறு சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுவாள். கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். நடுக்கடலில் பேச சிக்னல் போதாது; ஆங்கிலத்தில் நாலு எழுத்து தட்டி அனுப்புவான். கடைசியாக வந்தது, ‘ஐ மிஸ் யூ.’

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸை மிஸ் பண்ணுவதும் மிஸ்டு காலும்தான். என்னை எங்கே தவறவிட்டார்? மாடிவீட்டு டியூஷன் டீச்சரிடம் போனை நீட்டினாள்.

“நீ இல்லாம ஏங்குறேன்னு அர்த்தம்டி.”

“அவரா? ஊர்க்கதையெல்லாம் பேசுவாருக்கா. இது மட்டும் வாயில வந்ததே இல்ல.”

அன்று முழுக்க வேலையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம். எழுத்துக்கூட்டியதில் அதே ‘மிஸ்’ தெரிந்தது, பின்னால் ‘இங்’ ஒட்டிக்கொண்டு. கம்பெனி வழியாகக் கடிதமும் போட்டு ஏங்குகிறாரே என்று முகம் மலர மாடியேறினாள்.

டீச்சர் இரண்டு முறை படித்தாள். “உக்காரு முதல்ல,” என்றாள். “ஆளைக் காணோம்னு எழுதியிருக்காங்க. விடிஞ்சு பார்த்தப்ப கப்பல்ல இல்லையாம்.”

கடிதத்தில் அந்த வார்த்தையின் மேல் விரல் வைத்தாள். “அதே வார்த்தைதானேக்கா?”

வேறென்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் தடித்த அகராதியை எடுத்துவந்தாள். “ஆதியில குறி தப்புறதைச் சொன்னதாம். எறிஞ்சது படாமப் போறது. அதுலேர்ந்துதான் பஸ் தப்புறது, ஏங்குறது, காணாமப் போறது எல்லாம்.”

“செத்துப்போறது இருக்கா?”

டீச்சரின் விரல் பக்கம் முழுக்க இறங்கியது. “இல்ல.”

அந்த ‘இல்ல’வைப் பிடித்துக்கொண்டு ஏழு மாதம் கம்பெனிக்கு நடந்தாள். குமாஸ்தா ஒரு படிவத்தை நகர்த்தினான். “இறந்துட்டாருன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா ஃபைலை முடிச்சிரலாம்மா.”

“உங்க கடுதாசியில அப்படி இல்லையே தம்பி. புத்தகத்துலயே பார்த்துட்டேன்.”

“கடல்ல ஏழு மாசம்மா,” என்றான் அவன், தலை நிமிராமல்.

பேனாவைத் திறந்தாள். கணவன் பெயருக்குக் கீழே வரை கொண்டுபோனாள். மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

“அடுத்த மாசம் வர்றேன்.”

பாதிப் படி இறங்கினாள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போக, நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை.