கூப்பிடாமல் உள்ளே வரக்கூடாது

எங்கள் அப்பா கோயமுத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் டிரில் மாஸ்டர். முப்பதுகளில் பாஸ்கெட்பால் ரூல்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரு வருடம் மெட்ராஸிலிருந்து புதிதாக ஒன்று வந்தது. ஆட்டக்காரன் அடிபட்டு விழுந்தாலும் சரி, ரெஃப்ரி கூப்பிடாமல் அவனுடைய மாஸ்டர் கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. வந்தால் டெக்னிக்கல் பவுல். எதிரணிக்கு, யாரும் தடுக்காமல் கூடையில் பந்து போட ஒரு ஃப்ரீ த்ரோ. அதுவரை யார் விழுந்தாலும் நாலு பேர் ஓடிப்போய்த் தூக்குவதுதான் வழக்கம்.

அப்பாவுக்கு ரூல் என்றால் ரூல்தான். அந்த வருடம் கோபிசெட்டிபாளையத்துப் பள்ளி ஆடிய ஓர் ஆட்டத்துக்கு அவர் ரெஃப்ரியாகப் போனார். நானும் வேடிக்கை பார்க்கக் கூடப் போனேன். கோபிப் பையன் ஒருவன் வாயில் அடிபட்டு விழுந்தான். ஒரே ரத்தம். அவர்களுடைய மாஸ்டர் பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அப்பா விசிலை ஊதி டெக்னிக்கல் கொடுத்துவிட்டார். அந்த ஒரு பாயிண்டில் கோபி தோற்றது.

"ஏனுங்க, பையன் வாயில ரத்தங்க. அதுக்குமா பவுலு?" என்று கேட்டார் அந்த மாஸ்டர்.

"நான் கூப்புடலீங்களே. ரூலு அப்படித்தானுங்க."

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பாவிடம் யார் வாயைக் கொடுப்பது?

அடுத்த மாதம் அப்பாவின் பள்ளி அணியின் ஆட்டம். நானும் அதில் ஆடினேன். எனக்குப் பள்ளியில் அது கடைசி வருடம். ரெஃப்ரி யார் என்று பார்த்தால், அதே கோபி மாஸ்டர்! முடியப் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். பந்துக்கு எம்பியவன் தாறுமாறாக விழுந்தேன். வலது கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அலறினேன்.

அப்பா கோட்டருகே நிற்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் மட்டும் சுண்ணாம்புக் கோட்டில் படவில்லை. அட, என்ன மனுஷன் இவர்! ஆட்டம் நாசமாய்ப் போகட்டும், வந்து என்னைத் தூக்கினால் போதும் என்றிருந்தது. "அப்பா!" என்று கத்தினேன். அப்போதும் வரவில்லை. அந்த வலியிலும் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

கோபி மாஸ்டர் ஆட்டத்தை நிறுத்தி, அப்பா பக்கம் கையை நீட்டினார்.

"வாங்க, வாங்க. நான் கூப்புடறனுங்க. மொதல்ல பையனைப் பாருங்க."

அப்பா விழுந்தடித்து ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். பவுலும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் அதே ரூலில்தான் நடந்தது. அப்பா அந்த மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நானும் கூப்புட்டிருக்கலாமுங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னங்க? எங்க பசங்ககிட்ட வந்து சொல்லுங்க," என்றார் அவர், என் கையை அசையாமல் பிடித்துக்கொண்டே.

எனக்குக் கட்டுப் போட்ட மறுநாள் அப்பா கோபிக்குப் பஸ் ஏறினார்.